குழலுக்கு முன்னால் நிற்பவன்

பழைய துவக்கொன்றுக்குப் புதிய குழல் பொருத்துவது ஓர் ஒழுக்கவியற் பிரச்சினையாகுமா என்று வினவினால் வாசகர் சிலர் நகைக்கக்கூடும். அது கம்மாலைக்குரிய விடயம். அளவுகருவியும் கடைசல் யந்திரமும் அறிந்தவன் தீர்த்துக்கொள்ள வேண்டியது. தத்துவம் பேசுவோருக்கு அங்கே என்ன அலுவல் என்பர். ஆயின் நன்மை யாது, கடமை யாது என்று விசாரிக்கப் புகுவோர், மனிதர் தம் கைகளாற் செய்யும் தொழிலைப் பாராது வேறெதனைப் பார்ப்பது? ஒரு தொழிலைத் திறம்படச் செய்தல் தன்னளவிலேயே நன்மையாகுமா என்பது பழைய கேள்வி. குயவனின் சக்கரத்தையோ தச்சனின் உளியையோ வைத்து அதனை ஆராய்வது எளிது. பானையும் கதவும் எவருக்கும் பகையல்ல. துவக்குச் செய்பவனை வைத்து ஆராயப் புகும்போதுதான் கேள்வியின் முழுக் கனமும் நமக்குத் தெரிய வருகிறது.

முதலில் தொழிலைப் பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேட்டைக்கும் இலக்குப் போட்டிகளுக்கும் வழங்கும் நுண்குறி றைபிள்களுட் பல அரை நூற்றாண்டுக்கு முன் செய்யப்பட்டவை. 1936 இல் வெளிவந்த வின்செஸ்ரர் 70, 1962 இல் வெளிவந்த றெமிங்டன் 700 ஆகியன இவற்றுட் புகழ்பெற்றவை. இத்தகைய றைபிளின் நடுவே உருக்காலான கூடு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனை ரிசீவர் என்பர். அதன் முன்வாயிற் குழல் திருகப்பட்டிருக்கும். அதனுள்ளே கதவுத் தாழ்போல முன்னும் பின்னும் ஓடி, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையை நாமும் தாழ் என்றே சொல்லலாம். கூடும் தாழும் நன்கு பேணப்படின் ஒரு மனிதனின் ஆயுளைக் கடந்தும் நிலைக்கும். குழலுக்கு அந்த ஆயுள் இல்லை. ஒவ்வொரு வெடியின்போதும் எரிவாயு அதன் உட்சுவரின் தொடக்கத்தைச் சிறிது சிறிதாக அரிக்கிறது; சன்னத்தைச் சுழலச் செய்யும் வரிப்பள்ளங்கள் மழுங்குகின்றன. நடுத்தரத் தோட்டாவாயின் சில ஆயிரம் வெடிகளிலும், மிகு வேகத் தோட்டாவாயின் ஆயிரத்துச் சொச்சம் வெடிகளிலும் குறி பிசகத் தொடங்கும். கலப்பையின் கொழுவைப்போலக் குழலும் தேய்ந்து மாற்றப்படும் உறுப்பே.

முன்னர் உருக்குக் குழல் தேய்ந்தால் உருக்குக் குழலே மாற்றாக வந்தது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து, முதலில் யூட்டா மாநிலத்திலும் பின்னர் மொன்ரானாவிலும் பிறவிடங்களிலும், காபன் நார் சுற்றிய குழல்களைச் செய்யும் தொழில் வளர்ந்தது. மெல்லிய துருவேறா உருக்குக் குழலின்மேற் பிசினில் தோய்ந்த காபன் நாரைத் தடிப்பாகச் சுற்றி, வெப்பத்தில் இறுகச் செய்வர். அதே பருமனுள்ள உருக்குக் குழலின் நிறையில் ஏறக்குறையப் பாதியே இருக்கும், விறைப்போ குன்றுவதில்லை. மலையேறி மான் தேடும் வேட்டைக்காரனுக்கு இரண்டு இறாத்தல் குறைந்தாலே பெரிய ஆறுதல். காபன் நாரின் வரலாறு தனியே எழுதத்தக்கது. 1960களில் பிரித்தானியாவின் பாண்பரோ ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட இப்பொருளை விமான யந்திரத்தின் விசிறித் தகடுகளுக்கு நம்பி ஏமாந்தமை, 1971 இல் றோல்ஸ் றொய்ஸ் நிறுவனம் முறிந்ததற்கு ஒரு காரணமாயிற்று என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்வோம்.

பழைய றைபிளின் குழலைக் கழற்றுதல் இலகுவான காரியமன்று. தொழிற்சாலையில் இறுக்கப்பட்ட மரைகளுக்கிடையில் ஐம்பது அறுபது ஆண்டுத் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். கம்மியன் குழலைப் பலத்த வைஸ் ஒன்றிற் பிடிக்கிறான். வழுக்காதிருக்கப் பிசின்தூள் இடுகிறான். கூட்டுக்கென்றே செய்யப்பட்ட நீண்ட பிடியைப் பூட்டித் திருப்புகிறான். மூர்க்கமாகத் திருப்பினாற் கூடு முறுகும். முறுகிய கூடு மறுபடி நேராவதில்லை. குழல் அசையாவிடின் அதனைக் கடைசல் யந்திரத்திலேற்றி, கூட்டின் முகத்தை அழுத்தி நிற்கும் குழலின் தோளை ஒட்டி ஒரு மெல்லிய பள்ளம் வெட்டுவான். தோளின் அழுத்தம் தளர்ந்ததும் மரை கழன்று கையோடு வரும். பழைய குழல் பாழாகும், கூடு தப்பும்.

பின்னர் கூட்டைச் செப்பனிடுதல். பெருந்தொகை உற்பத்தியிற் செய்யப்பட்ட கூடுகளில் முன்முகம் மரையின் அச்சுக்குச் சரியான செங்கோணத்தில் அமைந்திருக்கும் என்று சொல்லமுடியாது. தாழின் இரு பூட்டுக் காதுகளுள் ஒன்று மட்டும் பதிந்து மற்றது பதியாமலும் இருக்கலாம். வேட்டைக்கு இது போதும் என்று தொழிற்சாலை விட்டுவிட்டதைக் கம்மியன் விடுவதில்லை. முகத்தைச் சீவிச் சமமாக்குகிறான். காதுகளைத் தேய்த்துப் பொருத்துகிறான். அறுபது ஆண்டுகளுக்கு முன் எவனோ அவசரத்திற் செய்த வேலையை இன்றொருவன் பொறுமையோடு திருத்துகிறான். இவ்விருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. ஆயினும் உழைப்பின் வழியே ஓர் உறவு உண்டாகிறது. இந்தக் காட்சியை நான் மதிக்கிறேன்.

இனி மிக முக்கியமான அளவு ஒன்று உண்டு. தாழ் பூட்டிய நிலையில் அதன் முகத்துக்கும், தோட்டாவின் தோள் சென்று தங்கும் இடத்துக்கும் இடையிலான தூரம் அது. 1952 இல் வந்த .308 வின்செஸ்ரர் தோட்டாவுக்கு இத்தூரம் 1.630 அங்குலத்திற் தொடங்குகிறது. கம்மியனிடம் உருக்கினாலான இரண்டு அளவுக்கட்டைகள் இருக்கும்: ஒன்று 1.630 அங்குலம், மற்றது 1.634 அங்குலம். முதலாவதன்மேற் தாழ் தடையின்றிப் பூட்ட வேண்டும். இரண்டாவதன்மேற் பூட்டக் கூடாது. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்குக்குள் எல்லாம் அடங்குகிறது. கையுணர்வு பிழைக்காதிருக்க, தாழிலுள்ள ஊசியையும் தோட்டாவை இழுக்கும் கொக்கியையும் முன்னரே கழற்றிவிடுவான். ஏன் இத்தனை கவனம்? அத்தோட்டா வெடிக்கையில் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல்வரை அமுக்கம் எழும். தூரம் மிகுந்தால் பித்தளைக் கோது கிழிந்து, வாயு பின்னோக்கிப் பாயும். தாழுக்குப் பின்னே, சில அங்குலத் தொலைவில், சுடுபவனின் கண் இருக்கிறது.

அடுத்தது இறுக்குதல். இவ்வளவு என்று எல்லோரும் ஒப்பிய விதி இல்லை. 80 முதல் 120 அடி இறாத்தல் வரையிலான முறுக்குவிசையைப் பெரும்பாலோர் கொள்வர். நூறு என்பது பலருக்குப் பிடித்த எண். நியூற்றன் மீற்றரில் ஏறத்தாழ 136. மரைகளுக்குப் பசைபூசாவிடின் துருவேறா உருக்கு உராய்ந்து கூட்டின் உருக்கைப் பற்றிக்கொள்ளும். பிறகு எந்தக் கையாலும் பிரிக்க இயலாது. காபன் குழலுக்கு வேறோர் எச்சரிக்கையும் உண்டு. வைஸின் தாடை நாரின்மேற் படக் கூடாது. தோளுக்கு முன்னே, நார் தொடங்குமுன், வெறும் உருக்காக விடப்பட்ட சிறு பகுதியிலேயே பிடிக்க வேண்டும். நாரைப் பிடித்து இறுக்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே பிசின் நொறுங்கி, நார் நடுக்குழலிலிருந்து பிரியும். பின்னொரு நாள் குறி ஏன் அலைகிறதென்று சொந்தக்காரன் திகைப்பான். குழலை மெலிவிக்கலாமென்று நாரைக் கடைசலில் வைத்துச் சீவுவதையும் செய்தோர் தடுத்துள்ளனர். அதன் தூசு மூச்சுக்கும் கண்ணுக்கும் ஊறு செய்வது.

முறுக்குவிசையைப் பற்றிப் பொறியியலார் அறிந்த உண்மை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மரையாணி ஒன்றை இறுக்கும்போது நாம் இடும் முறுக்கிற் பெரும்பங்கு தோளிலும் மரையிலும் உராய்வாகவே கழிகிறது. பத்திலொரு பங்களவே உறுப்புகளைப் பிணைக்கும் இழுவிசையாகிறது. பசை இட்டதா, முகம் மட்டமானதா, மரை சுத்தமானதா என்பவற்றைப் பொறுத்து அதே நூறு என்ற எண் வெவ்வேறு இறுக்கத்தைத் தரும். ஆகவே எண்ணைப் படித்தால் மட்டும் போதாது. அதன் பின்னணியையும் அறிய வேண்டும். நல்ல கம்மியன் இதனை அறிவான்.

இனிக் கேள்விக்கு வருவோம். மேற்சொன்ன அளவுகளையும் கருவிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது எவனுக்காக என்று கேட்டுப் பாருங்கள். அளவுக்கட்டைகள் சுடுபவனின் கண்ணுக்காக. முறுக்குவிசை, குழல் தளர்ந்து சுடுபவனின் குறி பிசகாதிருக்க. நாரைப் பிடிக்கலாகாதென்ற விதி, வாங்கியவனின் பணத்துக்காக. தூசைப் பற்றிய எச்சரிக்கை கம்மியனின் நெஞ்சுக்காக. இவை எல்லாம் நியாயமான அக்கறைகள்; இவற்றை எள்ளுபவன் பட்டறையில் நின்றறியாதவன். ஆயினும் இவை அனைத்தும் குழலுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றியவை. குழலுக்கு முன்னால் நிற்பவனுக்காக அந்தப் பட்டறையில் ஓர் அளவுக்கட்டைகூட இல்லை. அவனை அத்தொழில் நினைக்கும் ஒரேயொரு வடிவம் தொலைவு. இத்தனை யார் தூரத்தில் இத்தனை அங்குலம் என்பது.

இதனைப் புரிந்துகொள்ள நம் நாட்டு வாசகருக்கு நெடிய விளக்கம் வேண்டியதில்லை. 1983 முதல் 2009 வரை நீண்ட போரைக் கண்டவர்கள் நாம். துவக்கின் பின்புறத்தைப் பற்றி உலகில் நூல்கள் ஏராளம். முன்புறத்தைப் பற்றிய அறிவு எழுதப்படாமல் இங்கே வீடுதோறும் கிடக்கிறது.

சட்டமும் இந்தத் திசையிலேயே பார்த்து வந்திருக்கிறது. 1637 இல் இலண்டன் துவக்குத் தொழிலாளர் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. 1813 இல் பேமிங்ஹாமிற் சோதனைச்சாலை சட்டத்தினால் நிறுவப்பட்டது. இச்சாலைகளில் ஒவ்வொரு குழலையும் வழக்கத்திலும் மிகையான வெடிமருந்தாற் சுட்டு, வெடித்துச் சிதறாததற்கு முத்திரை பொறிப்பர். இன்றும் பிரித்தானியாவிற் புதுக்குழல் பொருத்திய றைபிளை மறுபடி சோதித்து முத்திரை பெறாமல் விற்பது குற்றம். வாங்கியவனின் கை துண்டாகாதிருக்க முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அரசு எடுத்த அருமையான முயற்சி இது. அதே முத்திரை எத்தனை குடியேற்ற நாடுகளில் எத்தனை மார்புகளை நோக்கித் திரும்பியிருக்கும் என்று கணக்கெடுக்க எந்தச் சாலையும் நிறுவப்படவில்லை.

துவக்கு என்பது எது என்ற கேள்விக்கும் நாடுகள் வெவ்வேறு விடை சொல்கின்றன. அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுத் துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கண்ணிற் துவக்கு என்பது கூடுதான். எண் பொறிக்கப்படுவது அதில். பதிவேட்டில் ஏறுவது அது. குழல் வெறும் உதிரிப்பாகம். கூட்டாட்சிச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் தபாலிற் பெறலாம். பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமுக்கத்தைத் தாங்கும் குழலும் கட்டுப்பாட்டுக்குரிய உறுப்பே. பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்கர் வாதிட்டதைப் புளூட்டார்க் எழுதிவைத்தார். அந்தக் கேள்வி இங்கே பொழுதுபோக்காக இல்லை. சன்னம் கடந்து செல்லும் பாதையைச் சட்டம் உதிரிப்பாகம் என்கிறது. எவரையும் தொடாத கூட்டைத் துவக்கு என்கிறது.

ஓர் உதாரணம் காண்போம். 1966 இல் அமெரிக்கக் கடற்படைப் போர்வீரர் பிரிவு, வியட்னாமிற் குறிபார்த்துச் சுடுவோருக்காக றெமிங்டன் 700 இனை எம் 40 என்ற பெயரிற் கொள்வனவு செய்தது. மரப்பிடி ஈரத்தில் வீங்கிக் குறியைக் கெடுத்தது. 1970களில் அந்த றைபிள்கள் குவாண்டிக்கோவிலுள்ள படைப்பட்டறைக்கு வந்தன. அங்கே துருவேறா உருக்கிலான புதிய தடித்த குழலும் கண்ணாடி நார்ப் பிடியும் பெற்று எம் 40 ஏ1 ஆயின. அவற்றின் கூடுகளுட் பல பின்னர் வந்த வடிவங்களுக்கும் சென்றன. ஒரே எண், வேறு குழல், வேறு பிடி, வேறு போர். 1966 ஆகஸ்ட் 1 ஆம் நாள், அதே றெமிங்டன் 700 வகை றைபிள் ஒன்றைப் பிற துவக்குகளோடு எடுத்துக்கொண்டு, ரெக்ஸாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறிய மாணவன் ஒருவன் கீழே நடந்துசென்றோரைச் சுட்டான். பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அரசின் கட்டளையால் ஒன்று, பித்தத்தால் ஒன்று. இரு கூடுகளையும் செய்த தொழிலாளி நியூ யோர்க் மாநிலத்தின் இலியன் நகரில், ஒரே கூரையின் கீழ், ஒரே கூலிக்குப் பணியாற்றியவன். அவன் எந்த மரையையும் பிழையாக வெட்டவில்லை.

அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. உழைப்பைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொருவன் கையிற் கொடுத்து, முழுமையை முதலாளியின் கணக்கேட்டிலும் அரசின் கட்டளையிலும் வைத்திருக்கும் முறையிற் தொழிலாளி தன் துண்டுக்கு மட்டுமே பொறுப்பாளி ஆக்கப்படுகிறான். துண்டு நன்றாக இருந்தால் அவனும் நல்லவன். ஒருவரோடொருவர் மாற்றத்தக்க உறுப்புகள் என்ற எண்ணமே படைக்கலப் பட்டறையிற் தோன்றியது என்பதை மறக்கலாகாது. 1785 இற் பாரிசில் ஒனோறே பிளாங்க் செய்த துவக்குப் பொறிகளின் உறுப்புகளைத் தாமே கலைத்துப் பொருத்திப் பார்த்து ஜெபர்சன் வியந்தார். 1820களில் ஹார்ப்பேர்ஸ் பெரியில் ஜோன் ஹோல் அதனை யந்திரத்தால் நிறைவேற்றினார். உறுப்புகள் ஒன்றுக்கொன்று ஈடானபோது அவற்றைச் செய்யும் கைகளும் ஈடாயின.

மரைக்கு ஒருமைப்பாடு தந்தவரும் துவக்கோடு தொடர்புடையவரே. 1841 இல் ஜோசப் விட்வேர்த் மரைகளின் கோணத்தையும் நெருக்கத்தையும் ஒரே ஒழுங்குக்குக் கொணர வேண்டுமென்று எழுதினார். அதனால் உலகப் பட்டறைகள் பெற்ற நன்மை அளவிடற்கரியது. அவரே 1850களில் அறுகோண உட்குழலுடைய நுண்குறி றைபிளைச் செய்தார். 1860 இல் விம்பிள்டனில் விக்ரோறியா மகாராணி பட்டுக்கயிற்றை இழுக்க, தாங்கியில் நிறுத்திய அந்த றைபிளின் சன்னம் 400 யார் தூரத்தில் நடுப்புள்ளியை ஈரங்குலத்துக்குள் தொட்டது. 1864 மே 9 ஆம் நாள், இவ்வளவு தூரத்தில் யானையையும் அவர்களாற் சுடமுடியாது என்று தம் படையினரைத் தேற்றிய ஜெனரல் செட்விக் சற்று நேரத்தில் வீழ்ந்தார். அது விட்வேர்த் றைபிளின் சன்னம் என்றே பலரும் கூறுவர். 1868 இல் விட்வேர்த் தம் செல்வத்தில் ஒரு பகுதியைத் தொழில் கற்கும் இளைஞருக்குப் புலமைப்பரிசிலாக ஒதுக்கினார். ஒரே மனிதர், ஒரே நுண்மைப் பற்று. அந்தப் பற்று மட்டும் அவருக்கு எத்திசை செல்லவும் தடை சொல்லவில்லை.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். வேட்டைக்காரர் சொல்வர்: குறி பிசகும் குழலாற் காயப்பட்ட மான் காட்டில் இரண்டு மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்து சாகும்; நுண்குறிக் குழல் அதனை ஒரு கணத்தில் வீழ்த்தும்; ஆகவே முன்னால் நிற்பதைப் பற்றிய அக்கறையும் அந்த நுண்மைக்குள் உண்டு என்பர். இன்னொருசாரார், தம் குழல்களுக்கு முன்னால் என்றுமே கடதாசி இலக்குத் தவிர வேறொன்றும் நின்றதில்லை என்பர். இவ்விரண்டும் உண்மை. இலக்குப் போட்டியிற் சுடுபவன் மூச்சை அடக்கி மனத்தை ஒருமிக்கும் பயிற்சி இழிவானதும் அன்று. மானின் வேதனையைக் குறைப்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்குப் போராடும் கம்மியன், தன் பட்டறையில் முன்னால் நிற்பதற்கும் ஓர் அளவை ஏற்படுத்திக்கொண்டவனே. ஆயின் அந்த அளவு அவன் மனத்தில் இருக்கிறது, கருவியில் இல்லை. றைபிள் அடுத்தவன் கைக்குப் போகும்போது நுண்மை கூடவே போகும், மனம் போகாது.

ஆகையாற்தான் கம்மியனுக்கும் வாடிக்கையாளனுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு மேசையை நான் பெரிதாக மதிக்கிறேன். தொழிற்சாலையிற் கூடு செய்பவன் வாங்குபவனைக் காண்பதில்லை. நார் சுற்றுபவனும் காண்பதில்லை. பழைய றைபிளைத் துணியிற் சுற்றிக்கொண்டு வருபவனின் முகத்தைக் காண்பவன் குழல் மாற்றும் கம்மியன் ஒருவனே. இவன் யார், எதற்கு இது, ஏன் இவ்வளவு அவசரம் என்று அவனால் எண்ண முடியும். முடியாது என்று சொல்லவும் முடியும். சங்கிலி முழுவதிலும் மனிதன் மனிதனைப் பார்க்கும் கண்ணி அது. தொழில்நுட்பமோ அந்தக் கண்ணியை மெல்ல மெல்லக் கழற்றி வருகிறது. 1958 இற் சவேஜ் 110 என்ற றைபிள், தோளுக்குப் பதில் ஒரு சுரையாற் குழலைப் பூட்டும் முறையோடு வந்தது. கடைசல் யந்திரமின்றியே அளவைச் சரிசெய்ய அது வழிவிட்டது. இன்று அதே முறையிற் றெமிங்டன் போன்ற பழைய கூடுகளுக்கும் முன்கூட்டியே அறை வெட்டப்பட்ட காபன் குழல்கள் தபாலில் வருகின்றன. இரண்டு அளவுக்கட்டைகள், ஒரு பிடி, முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பனர் ஒன்று இருந்தாற் போதும்; வீட்டு மேசையிலேயே வேலை முடியும். கம்மியன் வாங்கும் கூலி மிச்சம். அவனது பார்வையும் மிச்சப்படுத்தப்பட்டு விடுகிறது. இதனை முன்னேற்றம் என்று விளம்பரம் செய்வோர் எதனை இழந்தோம் என்று எழுதுவதில்லை.

பார்வையாற் என்ன பயன், வயிற்றுக்காக வேலை செய்பவன் வாடிக்கையாளனைத் திருப்பி அனுப்புவானா என்று கேட்பீர்கள். அது சரியான கேள்வி. இலியன் நகரத்துத் தொழிலாளரிடம் இதனைக் கேட்டிருக்க வேண்டும். றெமிங்டன் குடும்பம் 1816 இல் அவ்வட்டாரத்திற் தொடங்கிய தொழில் 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் இருமுறை வங்குரோத்து நீதிமன்றம் சென்று, 2024 மார்ச்சில் இலியன் ஆலையின் கதவடைப்போடு முடிந்தது. தந்தையும் மகனும் பேரனும் வேலைசெய்த ஆலை அது. முதலீட்டாளர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் சென்றனர். தொழிலாளர் அங்கேயே நின்றனர். அவர்களின் வேலையைப் பற்றி நல்லது கெட்டது பேசுவோர் அவர்களுக்கு வேறு வேலை யாது என்பதையும் பேசக் கடமைப்பட்டவர்கள். அந்த ஆலைக்கே வேறொரு வரலாறும் உண்டு. 1873 இல் அங்கேதான் வணிக வெற்றி கண்ட முதற் தட்டச்சு யந்திரங்கள் உருவாயின. தையல் யந்திரமும் அங்கே செய்தனர். துவக்கின் தாழைத் துல்லியமாகக் கடைந்த கைகளே எழுத்துக்களைத் தாங்கும் நெம்புகளையும் கடைந்தன. யாழ்ப்பாணத்தவரான இராமலிங்கம் முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை வகுத்ததும் அந்த மரபின் தொலைதூரக் கிளையொன்றிலேயே. கைத்திறன் எத்திசையும் திரும்பும். திருப்புவது எது என்பதுதான் பொருளாதாரத்தின் கேள்வி. தட்டச்சு வியாபாரத்தைக் குடும்பத்தார் 1886 இல் விற்றுவிட்டனர், துவக்கை வைத்துக்கொண்டனர்.

முன்னால் நிற்பவனைப் பற்றிய கேள்வியைச் செய்தவனே கேட்ட அரிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அவர் நுண்குறி றைபிள் செய்தவரல்லர். சேற்றிலும் மணலிலும் இயங்கும், இடைவெளி தாராளமாக விடப்பட்ட துவக்கைச் செய்த மிகையில் கலாஷ்னிக்கோவ். நெடுங்காலம் அவர் பழியை அரசியல்வாதிகள்மேற் போட்டு நிம்மதியாக உறங்குவதாகச் சொல்லி வந்தார். 2012 இல், தொண்ணூறைக் கடந்த வயதில், ருஷ்ய திருச்சபையின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் துவக்கு மனித உயிர்களைப் பறித்ததெனின், அவர்கள் பகைவராயினும், அச்சாவுகளுக்குத் தாம் பொறுப்பாளியா என்று கேட்டார். அந்த வேதனை தாங்கமுடியாததென்றும் எழுதினார். 2013 டிசம்பர் 23 ஆம் நாள் அவர் காலமானார். கடிதம் அடுத்த மாதம் பத்திரிகையில் வெளிவந்தபோது திருச்சபையின் பேச்சாளர் விளக்கமளித்தார்: தாய்நாட்டைக் காக்கும் படைக்கலத்தையும், அதனைச் செய்தோரையும், ஏந்தும் வீரரையும் திருச்சபை ஆதரிக்கிறது என்பது அதன் சாரம். கலாஷ்னிக்கோவ் கேட்டது முன்னால் விழுந்தவர்களைப் பற்றி. பதில் வந்தது பின்னால் நின்றவர்களைப் பற்றி.